எஃப் வரும்வரை

காலை ஒன்பதேகாலுக்கு
கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போன பிறகு
முப்பத்தொன்றாம் எண் பஸ்ஸை
டயர்க்கடைக்குப் பின்னால் ஓரங்கட்டுகிறேன்.
இரண்டு மணிவரை யாரும் என்னைத் தேடமாட்டார்கள்.
கென்டக்கியின் இந்த மூலையில்
அவ்வளவு நேரம் நான் இல்லாத ஆள்.

மூன்றாவது வரிசையில் குறுக்கே உட்கார்ந்து
கிதாரை உறையிலிருந்து எடுக்கிறேன்.
அடகுக்கடை டெல்மர் நாற்பது டாலர் சொன்னான்,
முப்பதுக்கும் ஒரு ஜோடி பனிச்சங்கிலிக்கும் படிந்தான்.
முதுகில் யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்:
'லூரீனுக்கு அல்ல.'
யாருக்கு என்று கீறவில்லை.

பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
இந்த மலைப்பக்கம் கல்யாணத்திலும் வாசிப்பார்கள்,
சுரங்கத்தை மூடிய அன்றும் வாசித்தார்கள்.
ஒரு படகுக்காரன், அக்கரையில் நடனம்,
புதுச் சட்டை, பெருக்கெடுத்த ஆறு.
ஐந்து சரணம். நாலாவதில் படகு கவிழும்.
மூன்று கார்ட் போதும் என்றான் டெல்மர்.
நாலாவதாக ஒன்று இருப்பதை
விற்று முடிக்கும்வரை சொல்லவில்லை.

முதல் வாரம் விரல்நுனி வெந்தது.
அடுத்த வாரம் தோல் உரிந்தது.
சின்ன ஜெத்ரோ சீட் இடுக்கில் கிடந்த பிக்கை நீட்டி
"மிஸ் வெர்னா, உங்க பல்லா?" என்றான்.
ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.

ஜி வந்துவிட்டது. சி கொஞ்சம் முனகும்.
டி-யில் மூன்று விரலும் நெருக்கியடித்து உட்காரும்,
ஒரே சீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.
எஃப்தான் சனியன்.
ஆள்காட்டி விரல் படுத்துக்கொண்டு
ஆறு கம்பியையும் அமுக்கவேண்டும்.
அமுக்கினால் ஈர விறகைத் தட்டினாற்போல் ஒரு தொப்.
நாற்பத்தொன்பது வயதில்
என் சொந்த விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

தெரிந்தவர்கள் கையில்
இது கால்தட்டி ஆடுகிற பாட்டு.
எப்போது கவிழ்ந்ததென்று கவனிக்குமுன்
ஐந்தாம் சரணம் முடிந்து கைதட்டல்.
நான் மெதுவாக வாசிக்கிறேன், வேறு வழியில்லாமல்.
'துடுப்பை விட்டான்' வரை சி.
அப்புறம் எஃப் வரவேண்டும்.
விரல்களைத் தூக்கி, இடம் தேடி,
ஒவ்வொன்றாக வைக்கிறேன்.
அதுவரை
படகு கவிழவில்லை.
புதுச் சட்டை நனையவில்லை.
ஒருநாள் கைபேசியில் பார்த்தேன், பதினோரு விநாடி.
பதினோரு விநாடி ஒரு மனிதன்
வெறுங்கைகளை விரித்து நடு ஆற்றில் நிற்கிறான்
என் மக்கு விரல்களின் தயவில்.

மாலை டிரிப்பில் பஃபர்ட் ஓடைப் பாலத்தருகே
என் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.
போன வருஷ வெள்ளத்துக்குப் பிறகு
அங்கே இறங்க யாரும் இல்லை.
தபால்பெட்டி நின்ற கம்பம் மட்டும் சாய்ந்திருக்கிறது.
"யாருக்காக நிக்கிறோம்?" பின்னாலிருந்து ஓக்லி.
மான் குறுக்கே போச்சு என்பேன்.
தினமும் ஒரு மானா என்று
அவள் இதுவரை கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ஹீட்டர் ஓடவில்லை, மூச்செல்லாம் புகை.
சி-யிலிருந்து எஃப்
நினைக்குமுன் வந்துவிட்டது.
ஆறு கம்பியும் ஒன்றாக, சுத்தமாக.
காலி பஸ்ஸின் தகரம் முழுக்க அதிர்ந்தது.
படகு அதன் நேரத்துக்குக் கவிழ்ந்தது.

டெல்மரிடம் சொன்னால் மெச்சுவான்.
நான் இன்னொரு முறை வாசித்தேன்.
இன்னொரு முறையும் சரியாக வந்தது.
இனிமேல் தப்பு வரவேண்டுமென்றால்
தெரிந்தேதான் செய்யவேண்டும்.

ஒன்றே முக்கால்.
உறையை மூடி, என் சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு
ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.
ஐஸாய்க் கிடந்திருக்கவேண்டும்.
இடதுகை விரல்நுனி நான்குக்கும் அது தெரியவில்லை.
வலதுகைதான் சொன்னது.